பாளையங்கோட்டை சனிக்கிழமை பிரசங்க வகுப்பு: காசுக்குத் தகுமா?

ஓட்டலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், மிக்ஸிக்கு எழுதுகிறோம், காசு வாங்கிக்கொண்டு நடத்துகிற பிரசங்க வகுப்புக்கு மட்டும் ஏன் எழுதக்கூடாது என்று தோன்றியது, அதனால் இது. பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்கிற பெரிய கோயிலிலிருந்து நடந்தே போய்விடுகிற தூரத்தில் ஒரு பழைய ஹால். சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு. கட்டணம் 1,500 ரூபாய், டீயும் வடையும் அதிலேயே சேர்த்தி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் ஓய்வுபெற்ற ஐயர் ஒருவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். (வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குருவானவரை இந்தப் பக்கம் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.) பெயரைப் போடாதீர்கள் என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டதால் வாத்தியார், ஐயர் என்றே எழுதுகிறேன். குறைகள் உண்டு, அதில் ஒரு வகுப்பு சுத்த வேஸ்ட், அதையும் கீழே சொல்கிறேன். ஆனாலும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

யாருக்கு இது தேவை என்பது கிராமச் சபைகளில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். பல சபைகள் சேர்ந்த ஒரு சேகரத்துக்கு ஐயர் ஒருத்தர்தான், அவர் பார்க்க வேண்டிய சபைகளோ பல, திருவிருந்துக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு வந்தால் பெரிது, மற்ற ஞாயிறுகளில் சபையை நடத்துகிற உபதேசியார், அவருக்கும் உடம்பு சரியில்லை என்றால் ‘கொஞ்சம் பேசுவான்’ என்று சபையில் பெயரெடுத்த யாராவது ஒருவன் தலையில் பிரசங்கம் விழும். வாரம் முழுக்க பம்ப்செட் கடையில் பில் போடுகிற என் தலையில் அப்படித்தான் விழுந்தது. சனிக்கிழமை ராத்திரி யூடியூபைத் திறந்துவைத்து, சென்னையில் யாரோ பேசியதை நோட்டில் எழுதி, விடிந்ததும் நாங்குநேரிப் பக்கத்துச் சபையில் அதை ஒப்பிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று வாத்தியார் முதல் நாள் கை தூக்கச் சொன்னார். பாதி ஹால் கை தூக்கியது.

மற்றபடி இந்த ஊரில் பேச்சுக்குப் பஞ்சம் கிடையாது. கோடை வந்தால் கன்வென்ஷன், சபையார் கூடிச் சாப்பிடுகிற அசன பண்டிகைக்கு முந்தின ராத்திரிகளில் கூட்டம், வாலிபர் முகாம், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் என்று வருஷம் பூரா யாராவது எங்காவது மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதில் அருமையான பேச்சும் உண்டு. ஆனால் அதைக் கேட்டு வளர்கிற பையன்கள் எடுத்துக்கொள்வது என்னவோ குரலை மட்டும்தான். தொண்டையைக் கரகரப்பாக்கி, வாக்கியத்தின் வாலை இழுத்து, இடையிடையே ‘ஒரு ஆமென் சொல்லுங்க பார்ப்போம்’ என்று கேட்டு, இருபத்திரண்டு வயதுப் பையன் அறுபது வயது ஊழியக்காரர் இருமுகிற மாதிரி இருமக்கூடச் செய்கிறான். வாத்தியார் போட்ட முதல் சட்டம், இங்கே யாரும் யார் மாதிரியும் பேசக்கூடாது. வீட்டில் பேசுகிற குரல் எதுவோ அதைத்தான் மைக்குக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆரம்ப வகுப்புகளில் பேசவே விடவில்லை, வாசிக்கத்தான் விட்டார்கள். 1,500 ரூபாய் கொடுத்து வேதபாடம் வாசிக்கவா வந்தோம் என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஐயர் நெகேமியா எட்டாம் அதிகாரத்தை எடுத்தார். தண்ணீர் வாசலுக்கு முன்னால் ஜனங்கள் கூடியிருக்கிறார்கள், எஸ்றா மரத்தால் செய்த பிரசங்கபீடத்தின்மேல் நிற்கிறார், காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் வாசிப்பு நடக்கிறது. தீர்க்கமாக வாசித்தார்கள், அர்த்தம் சொன்னார்கள், விளங்கப்பண்ணினார்கள் என்கிறது எட்டாம் வசனம். அடுத்த வசனத்திலேயே ஜனங்கள் அழுகிறார்கள். ‘பின்னால் யாரும் சோகமாக கீபோர்டு வாசிக்கல, கண்ணை மூடுங்கன்னும் சொல்லல, வாசிச்சது விளங்குச்சு, அழுதாங்க, அவ்வளவுதான்’ என்றார் ஐயர்.

நம் சபைகளில் நடப்பது தெரிந்ததே. பாடம் வாசிக்க ஆளைக் கடைசி நிமிஷத்தில் கூப்பிடுவார்கள், அவர் நடந்து வருகிற வழியிலேயே பக்கத்தைத் தேடுவார், நேபுகாத்நேச்சார் மாதிரி ஒரு பெயர் வந்ததும் தடுக்கி விழுவார், வசனம் யார் காதிலும் ஏறாது, அப்புறம் பிரசங்கம் பண்ணுகிறவர் அதே வசனத்தைத் திரும்ப எடுத்துப் பத்து நிமிஷம் விளக்குவார். வாசிப்பு ஒழுங்காக இருந்தால் அந்தப் பத்து நிமிஷம் தேவையே இல்லை.

இதில் எங்களை வாயடைக்க வைத்தவர் பார்வையில்லாத ஒரு தம்பி. பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிற ஊர் இது, பிரெயிலில் பாடம் வாசிக்கிறவர்களை ஆராதனையில் பார்த்திருக்கிறோம், ஆனால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் கவனித்ததில்லை. ஒரு கை வரியை முடிக்கும்போதே மற்ற கை அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, அதனால் வரி மாறுகிற இடத்தில் தடுமாற்றமே இல்லை. முந்தின நாளே அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பத் தடவிப் படித்து, எங்கே மூச்சு விடுவது என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் வருவாராம். எடுத்தது லூக்கா 15, கெட்ட குமாரன் கதை, நாங்கள் ஞாயிறுபள்ளியிலிருந்து கேட்டு அலுத்துப்போன பகுதி. ‘அவன் தூரத்தில் வரும்போதே, அவனுடைய தகப்பன் அவனைக் கண்டு’ என்று வாசித்துவிட்டு ஒரு சின்ன இடைவெளி விட்டார். அடுத்து தகப்பன் ஓடப்போகிறான் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் காத்திருந்தோம். குனிந்த தலை நிமிராமல் வாசித்த எங்களில் ஒருவருக்கும் அந்த இடைவெளி தோன்றவில்லை.

வாசிப்பு தேறினால்தான் பேச்சு. அதற்கு ஏழு நிமிஷம். மேஜைமேல் டைமர், மணி அடித்தால் வாக்கியம் பாதியில் நின்றாலும் உட்கார்ந்துவிட வேண்டும். அரை மணி நேரத்துக்குக் குறைந்தால் அதைப் பிரசங்கமாகவே மதிக்காத சபைகளிலிருந்து வந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. ஒரு பெரியவர் சண்டைக்கே போய்விட்டார், பவுல் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கம் பண்ணவில்லையா என்று. ‘பண்ணினாரு அண்ணாச்சி. ஐத்திகுன்னு ஒரு வாலிபன் ஜன்னல்ல உட்கார்ந்து கேட்டுக்கிட்டே தூங்கி மூணாம் மெத்தையிலிருந்து கீழ விழுந்தான். விழுந்தவனை எழுப்ப பவுலுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஐயர் கேட்டதில் ஹால் அதிர்ந்தது. அப்போஸ்தலர் 20, போய்ப் பாருங்கள்.

ஏழு நிமிஷம் வைத்தது நேரத்தை மிச்சம் பிடிக்க இல்லை. நம் பக்கத்துப் பிரசங்கத்துக்கு ஒரு அச்சு உண்டு, மூன்று தலைப்பு, மூன்றும் ஒரே எழுத்தில் ஆரம்பிக்க வேண்டும், அழைப்பு, அர்ப்பணிப்பு, அறுவடை என்று. கேட்க நன்றாக இருக்கும். கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போதே மறந்துபோகும். ஏழு நிமிஷத்தில் மூன்று தலைப்பை ஓட்ட முடியாது, ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியும், அந்த ஒன்று எது என்று பேசுகிறவனுக்கே தெரியவில்லை என்றால் மூன்றாவது நிமிஷத்தில் சரக்கு தீர்ந்து முழிப்பான். பலர் முழித்தார்கள். வாத்தியார் வைத்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது: பேசப்போகிற விஷயத்தை டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும், அவர் ‘சரி, அதுக்கென்ன இப்போ’ என்றால் உன்னிடம் செய்தி இல்லை, ‘அப்படியா சொல்லுத’ என்று திரும்பிப் பார்த்தால் இருக்கிறது.

இந்த வகுப்பில் காசுக்கு மேலேயே கிடைத்தது என்றால் அது அசரியாவின் பேச்சைப் பிரித்துப் போட்டுப் பார்த்த சாயங்காலம்தான். வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், கிராமத்து ஐயர் மகன். 1903இல் இதே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்றவர், 1912இல் தோர்ணக்கல் பேராயரானவர், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். இதையெல்லாம் சங்க நாள் வந்தால் மேடையில் வரிசையாகச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவோம். அவர் எப்படிப் பேசினார் என்று யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை.

1910 ஜூன், எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள், ஏறக்குறைய எல்லாருமே ஐரோப்பியரும் அமெரிக்கரும், ஆசியாவிலிருந்து வந்தவர்கள் சொற்பம். பேசப்போகிறவருக்கு வயது 35. எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இந்திய ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற சங்கங்களைச் சேர்ந்தவர்கள். வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச வேண்டும். நம்மில் ஒருவராக இருந்தால் நாலு நன்றி சொல்லி, மிஷனெரிமார் பெயர்களை வரிசையாக எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கியிருப்போம். அவர், நமக்கு நடுவில் இருப்பது எஜமான் வேலைக்காரன் உறவுதான், நட்பு இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். முடிக்கும்போது சொன்னது இது: ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள். உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கப்படக் கொடுத்தீர்கள். நாங்கள் அன்பையும் கேட்கிறோம். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்.

வாத்தியார் இதைக் கரும்பலகையில் எழுதி ஒவ்வொரு துண்டாக அடிக்கோடு போட்டார். முதல் இரண்டு வாக்கியமும் எங்கிருந்து வருகிறது? 1 கொரிந்தியர் 13, மூன்றாம் வசனம். அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் மனப்பாடமான அதிகாரம். அந்த வசனம் எங்கே போய் முடியும் என்பதும் தெரியும், அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை. ‘உங்களிடம் அன்பு இல்லை’ என்று அசரியா ஓர் இடத்திலும் சொல்லவில்லை, அந்த வரியைக் கேட்கிறவர்கள் தாங்களே மனசுக்குள் முடித்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார். அவர்களுடைய தியாகத்தைக் குறைக்கவும் இல்லை, கொடுத்தீர்கள், கொடுத்தீர்கள் என்று இரண்டு முறை ஒப்புக்கொள்கிறார், அந்தப் பாராட்டுதான் குற்றச்சாட்டாகவும் நிற்கிறது. கடைசியில் கேட்டது பணமும் இல்லை, கட்டடமும் இல்லை. அந்த மாநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அந்த வரியைத் தாண்டிப் போவதில்லை.

அன்றைக்கு எல்லாருக்கும் அது ருசிக்கவில்லை என்பதையும் ஐயர் சொன்னார், சிலருக்குக் கோபம் வந்தது. உயிருள்ள பேச்சு என்றால் கூட்டம் முழுக்க உருகி அழுவது என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு இது உறைத்தது. அதே வகுப்பில் நாத்தான் தீர்க்கதரிசியையும் இழுத்துவந்தார், 2 சாமுவேல் 12. அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் போய் ‘பாவம் பண்ணினாய்’ என்று ஆரம்பித்திருந்தால் தலை தப்பியிருக்குமோ என்னவோ, அவர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொன்னார், ஆட்டு மந்தையில் வளர்ந்த தாவீதுக்கு அதைவிட நெருக்கமான கதை கிடையாது, கோபம் கொப்பளித்துத் தீர்ப்பைச் சொன்னதும் ‘நீயே அந்த மனுஷன்’. அசரியாவும் நாத்தானும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள், கேட்கிறவன் கையில் ஏற்கெனவே இருப்பதை எடுத்து அவனிடமே நீட்டுகிறார்கள். அதற்கு அவன் யார் என்று பேசுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், யூடியூப் பிரசங்கம் கிராமத்துச் சபையில் எடுபடாமல் போவதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. பனையேறுகிறவர்களும் பீடி சுற்றுகிற பெண்களும் வளைகுடாவிலிருந்து மகன் அனுப்புகிற பணத்துக்குக் காத்திருக்கிற பெரியவர்களும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் போய் ஐ.டி. கம்பெனி மன அழுத்தத்தைப் பற்றிப் பேசினால் அவர்கள் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

கதை சொல்வதற்கும் ஒரு வகுப்பு இருந்தது, அதில் தடை செய்யப்பட்ட கதைகள் என்றே ஒரு பட்டியல். முதலிடம் கழுகுக்கு. நாற்பது வயதில் கழுகு மலைமேல் போய் அலகைப் பாறையில் உடைத்து, நகத்தைப் பிடுங்கி, இறகைக் களைந்து, புதிதாக முளைத்து இன்னும் முப்பது வருஷம் வாழும் என்று எத்தனை கன்வென்ஷனில் கேட்டிருப்போம். அப்படி எந்தக் கழுகும் செய்வதில்லை, அலகில்லாத கழுகு சாப்பிட முடியாமல் செத்துப்போகும். ஏசாயா 40இலும் சங்கீதம் 103இலும் கழுகு வருகிறது, அதற்கு இந்த வாட்சப் கதை தேவையே இல்லை. அடுத்தது, ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னதற்கு, எருசலேமில் ஊசியின் காது என்று ஒரு குட்டி வாசல் இருந்தது, ஒட்டகம் மண்டியிட்டுப் போகும் என்கிற விளக்கம். இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது, ‘பணக்காரனுக்கு வழி பண்ணிக்கொடுக்கக் கட்டின வாசல்’ என்றார் ஐயர். இதைக் கேட்டதும் முன்வரிசையில் ஒருவர் நோட்டில் எதையோ அடித்துக்கொண்டிருந்தார், மறுநாள் பிரசங்கமாக இருந்திருக்கும் பாவம்.

மைக் பற்றிய வகுப்பை நடத்தியது வாத்தியாரும் இல்லை ஐயரும் இல்லை, வாடகைக்கு மைக் செட் விடுகிற ஒரு அண்ணாச்சி. இதற்கு மட்டுமே தனியாக ஐந்நூறு ரூபாய் கொடுக்கலாம். மைக் கூவுவது ஏன்? ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வருகிற சத்தம் திரும்ப மைக்குக்குள் போய், அது பெரிதாகிப் பெட்டிக்குப் போய், திரும்ப மைக்குக்கு வந்து சுற்றிக்கொண்டே இருப்பதால். அதனால் பெட்டி எப்போதும் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்க வேண்டும், பின்னால் வைத்தால் கூவத்தான் செய்யும். பாட்டுக்காரர்களைப் பார்த்து மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிறார்களே, அதுவும் கூவலைக் கூட்டும். ‘ப’ வருகிற இடத்தில் காற்று வெடிக்கிறது என்றால் மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு அதன்மேல் தாண்டிப் பேச வேண்டும்.

அப்புறம் கட்டடம். மெஞ்ஞானபுரம் மாதிரி, இடையன்குடி மாதிரி உயரமான பழைய கற்கோயில்களில் சத்தம் சுவரில் பட்டு ஓய நேரம் எடுக்கும், அங்கே போய் கன்வென்ஷன் பந்தலில் பேசுகிற வேகத்தில் பேசினால் முந்தின வார்த்தையின் வால் அடுத்த வார்த்தையின் தலையில் விழுந்து எல்லாம் கலங்கலாகிவிடும். வால்யூமைக் கூட்டினால் கலங்கல்தான் கூடும். வேகத்தைக் குறைக்க வேண்டும், வாக்கியம் முடிந்ததும் சத்தம் ஓயும்வரை நிற்க வேண்டும். காலையில் காலிக் கோயிலில் மைக் டெஸ்ட் பண்ணிப் பார்த்தது ஆள் நிறைந்ததும் மாறிவிடும், மனிதர்களும் அவர்கள் உடைகளும் சத்தத்தைக் குடித்துவிடுகிற காரணத்தால் எதிரொலி குறையும். மைக்கே இல்லாத காலத்தில் அந்தப் பெரிய கோயில்களில் நின்று பேசியவர்கள் நிதானமாகத்தான் பேசியிருக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொன்னார், வேறு வழி இருந்திருக்காது.

தொண்டைக்கு என்ன சாப்பிடலாம் என்று ஒருவர் கேட்டார். ஐஸ் வாட்டர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர், வேண்டுமானால் கொஞ்சம் பனங்கற்கண்டு, முந்தின ராத்திரி நல்ல தூக்கம். விஷயம் முடிந்தது.

சரி, இதனால் எதாவது நடந்ததா என்று கேட்பீர்கள். என் பேச்சைப் பற்றி நானே சொன்னால் நன்றாக இருக்காது, எங்கள் குரூப்பில் இருந்த ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர், மைக்கைக் கண்டாலே கை நடுங்கும். அவர் எடுத்தது யாக்கோபு 5:4, பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிற வசனம். எல்லாரும் இதைப் பெரிய முதலாளிகளை நினைத்துப் பேசுவார்கள். அக்கா தன் சபைக் கோயில்பிள்ளையைப் பற்றிப் பேசினார். விடியற்காலையில் மணி அடிக்கிறவர், கோயிலைக் கூட்டுகிறவர், கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் வாசல் திறக்கிறவர், நாம் புதுசாக வாங்கின ஸ்பீக்கர் பெட்டிக்கு ஆன விலையையும் அவருடைய மாதச் சம்பளத்தையும் நான் ஒரே நோட்டில்தான் எழுதுகிறேன் என்றார். குரலை உயர்த்தவில்லை. இரண்டு தொகையையும் சொன்னார், வசனத்தை இன்னொரு தரம் வாசித்தார், உட்கார்ந்துவிட்டார். ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை. ஹாலில் ஆமென் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அதையே தன் சபையில் பெண்கள் ஞாயிறு அன்று பேசியிருக்கிறார். கமிட்டியில் முணுமுணுப்பு, ‘இதெல்லாம் பீடத்துல பேசுற விஷயமா’ என்று. ஆனால் அடுத்த கூட்டத்தில் கோயில்பிள்ளையின் சம்பளத்தைக் கூட்டிவிட்டார்கள். அந்த அக்காவுக்குக் கன்வென்ஷன் மேடையில் இடம் கிடைக்காது, வசீகரமான குரலும் கிடையாது. கொரிந்தியர் பவுலைப் பற்றியே ‘வசனம் அற்பம்’ என்று சொன்னவர்கள்தானே.

இனி குறைகள். ‘உணர்ச்சியோடு பேசுவது எப்படி’ என்று ஒரு சாயங்காலம், வெளியிலிருந்து ஒரு சிறப்பு விருந்தினர் வந்தார். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, எந்த இடத்தில் நடுங்கவைத்து, எப்போது மௌனமாக நின்று, எப்போது கீபோர்டுக்காரருக்குக் கண் காட்ட வேண்டும் என்று ஒரு சமையல் குறிப்பைப் போலச் சொல்லிக்கொடுத்தார். அதுவரைக்கும் வாத்தியார் கஷ்டப்பட்டுக் களைந்ததையெல்லாம் ஒரே நாளில் திரும்ப நட்டுவிட்டுப் போனார். இரண்டு பையன்கள் அடுத்த வாரமே இருமலோடு வந்தார்கள். நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து அந்த வகுப்பைத் தூக்கிவிட்டு இன்னொரு வாசிப்பு வகுப்பு வையுங்கள்.

ஆட்களை அதிகமாகச் சேர்க்கிறார்கள். முப்பது பேருக்கு மேல் இருந்தால் ஒருவருக்கு மைக் திரும்ப வர வாரக்கணக்கில் ஆகிறது, பேசிப் பழகத்தானே வருகிறோம். பெண்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், வகுப்பு முடிய ராத்திரி எட்டு மணி தாண்டிவிடுவதால் களக்காடு, திசையன்விளைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு பஸ் பிடிப்பது பெரும்பாடு, மத்தியானத்துக்கு மாற்றினால் இன்னும் பலர் வருவார்கள். கையேடு என்று ஒன்று தனியாக 150 ரூபாய்க்கு விற்கிறார்கள், எழுத்துப்பிழை மலிந்து கிடக்கிறது, அதுவும் ஒரு தமிழ் வாத்தியார் நடத்துகிற இடத்தில். வாங்காதீர்கள், நோட்டில் எழுதிக்கொண்டாலே போதும்.

இன்னொன்று, சைகை மொழியில் பிரசங்கத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்கள் இந்த ஊர் ஆராதனைகளில் இருக்கிறார்கள், மொழிபெயர்க்கிறவருக்கு நேரம் கொடுத்துப் பேசுவது எப்படி என்று ஒரு வார்த்தைகூட வகுப்பில் வரவில்லை. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதை விட்டது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. கேட்டதற்கு அடுத்த குரூப்பில் பார்ப்போம் என்றார்கள்.

நன்றாக இருப்பது, வகுப்பு முடிந்த பிறகும் வாட்சப் குரூப் ஓடுகிறது. ஞாயிறு பேசினதை ஆடியோவாகப் போட்டால் வாத்தியார் கேட்டுவிட்டு, எத்தனையாவது நிமிஷத்தில் செய்தி முடிந்தது, அதற்கப்புறம் எத்தனை நிமிஷம் சும்மா பேசினாய் என்று எழுதிவிடுவார். ‘பிரியமானவர்களே’ எத்தனை தரம் வந்தது என்று எண்ணிக்கூடப் போடுவார். சிலருக்குச் சுருக்கென்று இருக்கும், ஆனால் சபையில் நமக்கு இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ‘செய்தி ஆசீர்வாதமா இருந்துச்சு’ என்று கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

யார் போகலாம்? முறை வைத்துப் பேசுகிற சபை ஊழியர்கள், ஞாயிறுபள்ளி ஆசிரியர்கள், வாலிபர் சங்கத்துச் செயலாளர்கள், ஏன், பாடம் மட்டும் வாசிக்கிறவர்கள்கூடப் போகலாம். பெரிய மேடைப் பேச்சாளராக வேண்டும் என்கிற ஆசையில் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும், இங்கே ஆளைச் சின்னதாக்கித்தான் அனுப்புகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம், அடையாள அட்டை கேட்பார்கள். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஷேர் ஆட்டோ உண்டு. பெரிய எழுத்து வேதாகமம் கொண்டுபோங்கள், ஹாலில் வெளிச்சம் மட்டு. கொசுவும் உண்டு. முடிந்தால் சீக்கிரமே போய் முன்வரிசையில் உட்காருங்கள், பின்னால் ஃபேன் சத்தத்தில் ஐயர் பேசுவது கேட்காது.